பனி உருகும் பருவத்தில் குடும்பத்தோடு சந்திரசிலா ஏறுவது எப்படி

உத்தராகண்டின் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் உள்ள சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயில் வழியாகச் சந்திரசிலா உச்சிக்குப் போகும் பாதை, பனியில் நடந்தே அறியாத குடும்பங்களும் உரிய முன்னேற்பாட்டோடு முயலக்கூடிய பாதைகளுள் ஒன்று. சோப்தாவிலிருந்து கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கோடையில் பாட்டிமார்கூடக் கோலூன்றி ஏறிவிடும் இந்தக் கல் பாவிய பாதை, மார்ச் மாதத்தில் முழங்கால் வரை பனி மூடிக் கிடக்கும்போது முற்றிலும் வேறு பாதையாகிவிடுகிறது. "நாலு கிலோமீட்டர்தானே" என்று கிளம்புகிறவர்களே பெரும்பாலும் பாதி வழியில் அழுகிற பிள்ளையோடு நிற்கிறார்கள்.

முதலில் உயரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். சோப்தாவில் நாம் காரிலிருந்து இறங்கும் இடமே ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கிறது. உச்சியின் உயரத்தைச் சிலர் 3,700 மீட்டர் என்றும் சிலர் 4,000 மீட்டர் என்றும் எழுதுகிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும், அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவுதான். சென்னையிலிருந்து விமானத்தில் டெல்லிக்கு வந்து, மறுநாள் இரவே சோப்தாவில் தங்கி, அதற்கடுத்த விடியலில் ஏறத் தொடங்கும் திட்டம் உடலுக்குப் பொருந்தாது.

எனவே பயண நாட்களில் குறைந்தது இரண்டை உடல் பழகுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். ரிஷிகேஷிலிருந்து தேவபிரயாக், ஸ்ரீநகர், ருத்ரபிரயாக் வழியாக வரும் சாலை, பிறகு மந்தாகினி ஆற்றை ஒட்டி அகஸ்தியமுனி என்னும் ஊரைக் கடந்து ஊகிமடத்தை அடைகிறது. பொதிகை மலையின் அகத்தியரை இமயத்தின் மடியில் ஓர் ஊர்ப்பெயராகக் காண்பது நம்மவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. முதல் இரவை சுமார் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள ஊகிமடத்திலும், அடுத்த இரவை சுமார் 2,000 மீட்டரிலுள்ள சாரி கிராமத்திலும் கழிப்பது நல்லது. சாரியிலிருந்து தேவரியாதால் ஏரிக்கு இரண்டரைக் கிலோமீட்டர் ஏற்றம். ஏரி 2,438 மீட்டரில் இருக்கிறது. இதை உல்லாச நடையாக மட்டும் கருதாமல் ஒத்திகையாகக் கொள்ளுங்கள். எந்தக் காலணி கடிக்கிறது, எந்தப் பிள்ளை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருகிறது, தாத்தாவுக்கு எங்கே மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சாரியில் திணறியவர் பனியில் தேறிவிடுவார் என்று நம்புவதற்கு இடமில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, மார்ச் கடைசிப் பத்து நாட்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்து ஏப்ரலில் புது வகுப்பு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளி அது. மேலே பனி நிறைந்திருக்க, கீழே காடுகளில் புராஸ் எனப்படும் ரோடோடென்ட்ரான் மரங்கள் செக்கச்செவேலென்று பூத்திருக்கும்; நீலகிரிச் சோலைகளில் நாம் காணும் மரத்தின் உறவுதான் அது. மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் ஏப்ரல் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருப்பதால், அவர்களுக்குப் பெரும்பாலும் கோயிலை ஒட்டிய பகுதிகளில் எஞ்சிய பனியே கிடைக்கும். மார்ச்சில் வருகிறவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். அப்போது கோயில் நடை சாத்தியிருக்கும். குளிர்காலம் முழுவதும் துங்கநாதருக்குக் கீழேயுள்ள மக்குமடம் கிராமத்தில்தான் பூசை நடக்கும் என்பதால், தரிசனம் வேண்டுவோர் வழியில் அங்கே போய்வரலாம். மேலும், பனி அதிகமாக இருந்தால் வண்டி சோப்தாவுக்குச் சில கிலோமீட்டர் முன்பே, துக்கல்பிட்டா அல்லது பனியாகுண்ட் அருகே நின்றுவிடக்கூடும். அந்தக் கூடுதல் நடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உடை விஷயத்தில் நாம் செய்யும் முதல் தவறு பருத்தி. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வியர்வையையும் பனியையும் உறிஞ்சிக்கொண்டு உடலோடு ஒட்டி வெப்பத்தை உறிஞ்சிவிடும். உடம்பை ஒட்டிச் செயற்கை இழை அல்லது கம்பளித் தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜெர்கின் என்று மூன்று அடுக்குகள் போதும். கனமான ஒரே கோட்டைவிட இது மேல், ஏனென்றால் ஏறும்போது ஒவ்வோர் அடுக்காகக் கழற்ற முடியும். நடக்கத் தொடங்கும்போது இலேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் கால்மணி நேரத்தில் வியர்த்து, நின்றதும் நடுங்குவீர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஜோடி கையுறையும் மூன்று ஜோடி காலுறையும் வேண்டும். பனியுருண்டை எறியாத குழந்தை உலகில் இல்லை. முதல் ஜோடிக் கையுறை அரைமணி நேரத்தில் நனைந்துவிடும்.

கணுக்காலை மூடும், நீர் புகாத காலணி தேவை. அதன் அடியில் மாட்டும் இரும்பு முள் பொருத்திய ரப்பர்ப் பட்டை, கம்பூட்ஸ், கைத்தடி ஆகியவை சோப்தாவிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் சிறு பிள்ளைகளின் பாதத்துக்குப் பொருந்தும் அளவு அங்கே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். குழந்தைகளுக்கான முள்பட்டையையாவது ஊரிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள். கூலிங் கிளாஸ் அலங்காரப் பொருள் அன்று. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால், கதிர் கீழிருந்தும் கண்ணைத் தாக்கும். சன்ஸ்கிரீனை நெற்றியிலும் கன்னத்திலும் பூசினால் மட்டும் போதாது; தாடையின் அடியிலும் மூக்குத் துவாரங்களின் ஓரத்திலும் பூச வேண்டும்.

புறப்படும் நேரத்தைக் கடிகாரத்தைவிடப் பனியே தீர்மானிக்கிறது. இரவில் இறுகிய பனி காலையில் கெட்டியாக இருந்து ஆளின் எடையைத் தாங்கும். அப்போது வழுக்கும், ஆனால் முள்பட்டை அதைச் சமாளிக்கும். பதினொரு மணிக்குமேல் வெயிலில் இளகியதும் ஒவ்வோர் அடிக்கும் கால் தொடைவரை புதையும். பெரியவருக்கு அது களைப்பு, ஏழு வயதுப் பிள்ளைக்கோ அது இடுப்பளவு ஆழம். இளகிய பனி செங்குத்துச் சரிவுகளில் சரிந்து விழுவதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். சூரிய உதயத்தை உச்சியில் காண வழிகாட்டிகள் மூன்று மணிக்கே எழுப்புவார்கள்; பிள்ளைகளோடு அந்த ஆசை வேண்டாம். ஆறு மணிக்கு வெளிச்சத்தோடு கிளம்பி, பத்து மணிக்குள் கோயிலை அடைந்து, நண்பகல் பன்னிரண்டுக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முந்தின இரவே எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போனபின் எடுக்கும் முடிவுகளில் ஆசை கலந்துவிடுகிறது. முதல்முறை நாங்கள் கோயிலின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து திரும்பினோம். என் மகள் இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் நாங்கள் இறங்கிய ஒரு மணி நேரத்தில் மேகம் மூடிப் பனி கொட்டத் தொடங்கியது.

பனியில் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் செல்லும் பெரியவர் காலணி நுனியால் பனியை உதைத்துப் படி வெட்டிக்கொண்டு போக, மற்றவர்கள் அதே படியில் கால் வைக்க வேண்டும். இங்கே பலர் மறப்பது ஒன்றுண்டு: அந்தப் படிகளின் இடைவெளி கூட்டத்தில் மிகச் சிறிய பிள்ளையின் எட்டுக்கு ஏற்ப இருக்க வேண்டும். சரிவைக் குறுக்கே கடக்கும்போது பிள்ளைக்குச் சற்றுக் கீழ்ப்புறமாக ஒரு பெரியவர் நடக்க வேண்டும். இறங்கும்போது குதிகாலை முதலில் ஊன்றி, முழங்காலை இலேசாக மடக்கி வர வேண்டும். பாறைகளையும் புதர்களையும் ஒட்டிய பனி உள்ளே உருகிக் குடைந்திருக்கும் என்பதால் அவற்றிலிருந்து விலகி நடங்கள். குறுக்கு வழி வேண்டாம். உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு இறங்குவது, கீழே பாறையோ பள்ளமோ இல்லை என்று கண்ணால் கண்ட சிறு சரிவில் மட்டும் விளையாட்டாக இருக்கட்டும். புதுப்பனி பெய்த மறுநாள் ஏறவே கூடாது. கோயிலுக்கு மேலுள்ள சரிவு அபாயமானதா என்பதைச் சாரியிலோ சோப்தாவிலோ அமர்த்திக்கொள்ளும் உள்ளூர் வழிகாட்டி சொல்வார். அவர் வேண்டாம் என்றால் பேரம் பேசாதீர்கள்.

பசி அந்த உயரத்தில் மந்தமாகிவிடும். அதனால் முழுச் சாப்பாட்டை நம்பாமல், கடலை மிட்டாய், பேரீச்சை, உலர்திராட்சை, தட்டை போன்றவற்றை ஆளுக்கொரு பையில் போட்டு, அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொறிக்க வைக்க வேண்டும். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். தாகத்துக்குப் பனியைத் தின்றால் உடல் மேலும் குளிரும்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அளவுக்கு மீறிய களைப்பு ஆகியவை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதன் அறிகுறிகள். சிறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தெரியாது. காரணமில்லாத சிணுங்கல், விளையாட்டில் நாட்டமின்மை, பிடித்த தின்பண்டத்தையும் மறுத்தல் என்றுதான் வெளிப்படும். வலி மாத்திரை கொடுத்துவிட்டு மேலே ஏறுவது பெரும் தவறு. யாராவது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைத்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இறக்க வேண்டும். அதற்கு முதல் மருந்து உயரத்தைக் குறைப்பதே. இதயநோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் காண வேண்டும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுமப்பவருக்கு வியர்க்கும் நேரத்தில், அசையாமல் இருக்கும் குழந்தை விறைத்துக்கொண்டிருக்கும்.

உச்சியில் வானம் தெளிந்திருந்தால் சௌகம்பா, நந்தாதேவி, திரிசூல் சிகரங்கள் வரிசையாகத் தெரியும். படம் எடுத்துக்கொண்டு கால்மணி நேரத்தில் இறங்கத் தொடங்குங்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் முதலில் ஈரக் காலுறைகளைக் கழற்றி, விரல்களில் வெளுத்து மரத்த இடம் உண்டா என்று பாருங்கள். இருந்தால் தேய்க்காமல் கையின் கதகதப்பாலோ வெதுவெதுப்பான நீராலோ சூடேற்றுங்கள். பனி வெளிச்சத்தால் வரும் கண்ணெரிச்சல் பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும் என்பதால், இரவில் யாராவது கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருக்கிறது என்றால் கண்ணைக் கசக்க விடாமல், விளக்கை அணைத்து ஈரத்துணி வைத்து, மறுநாள் மருத்துவரிடம் காட்டுங்கள். நனைந்த காலணிகளை அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, தூங்கப்போகுமுன் ஒருமுறை தாளை மாற்றிவிடுங்கள்.