ஓரவஞ்சனை உள்ள வீட்டில் நிதானம் இழக்காமல் இருப்பது எப்படி?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் கீழ்வீட்டில் பெற்றோர், முதல் மாடியில் அண்ணன், மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் தம்பி என ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய வீட்டில் தாயோ தந்தையோ ஒரு பிள்ளையிடம் மட்டும் கூடுதல் பரிவு காட்டினால், அதை மறைக்கவும் முடியாது, கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வந்த வஞ்சிரத்தின் நடுத்துண்டு யார் தட்டில் விழுந்தது, வால் துண்டு யாருக்கு வந்தது என்பதைப் பத்து வயதில் கவனித்தவர்கள் நாற்பது வயதிலும் மறப்பதில்லை.

முதலில் பாசத்தையும் பொறுப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாசத்தைக் கேட்டு வாங்க இயலாது. ஆனால் மின்கட்டணம், மருந்துச் செலவு, மருத்துவமனைக்கு உடன் செல்லும் முறை ஆகியவற்றைக் கேட்டுப் பங்கிட இயலும். பல வீடுகளில் நிலையான வேலை இல்லாத பிள்ளையின் மீதோ, குடிப்பழக்கத்தால் தடுமாறும் பிள்ளையின் மீதோதான் பெற்றோரின் மனம் சாய்கிறது. மாதச் சம்பளம் வாங்குபவருக்குக் கிடைப்பதோ "உனக்கென்னப்பா, நீ சமாளிச்சுக்குவே" என்ற ஒற்றை வரிதான். இந்தக் காரணம் புரிவதால் வலி தீராது என்றாலும், குறை தம்மிடம் இருக்கிறதோ என்ற குமைச்சல் குறையும்.

பேசுவதற்கான நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். பொங்கல், தீபாவளி நாட்களிலும், உறவினர் முன்னிலையிலும், அண்ணி காதுபடவும் இப்பேச்சை எடுக்கவே கூடாது. அம்மா தனியாக இருக்கும்போது ஒரே ஒரு நிகழ்வையும் ஒரே ஒரு கோரிக்கையையும் மட்டும் சொல்ல வேண்டும். "எப்பவும் அவனுக்குத்தான் செய்யறே" என்று தொடங்கினால் அழுகையில்தான் முடியும். "போன தடவை கரண்ட் பில்லு முழுக்க நான் கட்டினேன்மா, இந்தத் தடவை அண்ணன்கிட்ட கேளு" என்றால் அதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வந்தே தீரும். அதேபோல ஸ்டான்லி மருத்துவமனைக்கு இந்த முறை யார் அழைத்துச் செல்வது என்பதை உடன்பிறந்தவரிடமே நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். சலுகை பெறுபவர் அதைத் தானாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. அவரை எதிரியாக்கினால், பிற்காலத்தில் பெற்றோர் படுக்கையில் விழும்போது கைகொடுக்க ஆள் இருக்காது.

சொத்து விஷயத்தில் உணர்ச்சியைவிட ஆவணமே பேசும். தந்தை தம் சொந்த உழைப்பில் வாங்கிய வீட்டை விரும்பிய பிள்ளைக்கு எழுதிவைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அது நியாயமா என்பது வேறு கேள்வி. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், 2005இல் திருத்தப்பட்ட வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. தான செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம், பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும், உயில் தெரியாது. பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் அதை ரத்து செய்யக் கோரலாம் என்றாலும், அந்த உரிமை பெற்றோருடையதே தவிர மற்றப் பிள்ளைகளுடையது அன்று. வெற்றுத்தாளில் அவசரக் கையெழுத்துப் போடுமுன் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்; பெண்களுக்கு வருமான வரம்பின்றி அந்த உதவி இலவசம். மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வசதியிருந்தால் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போவது, என் கணிப்பில், பத்துப் பஞ்சாயத்தைவிடப் பயன் தரும்.

பேரப்பிள்ளைகளிடம் அதே பாகுபாடு தொடங்கினால் மட்டும் பொறுத்துப் போகக் கூடாது. பெரிய மகனின் பிள்ளைகளுக்கு எம்.சி. ரோட்டில் புதுத்துணி, நம் பிள்ளைக்கு அவர்கள் போட்டுக் கழித்தது என்றால், பிள்ளை இல்லாத நேரத்தில் தாத்தா பாட்டியிடம் "எல்லாருக்கும் எடுங்க, இல்லைன்னா யாருக்கும் எடுக்க வேணாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.