“காதல் கதை ஏதாவது சொல்லுங்க அக்கா”: நாவல் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போனது. ஆறு வருடமாக அதில் நாவல்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. வேண்டியவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள், முடித்ததும் திருப்பி வைக்கிறார்கள். அலமாரிக்கு எதிர்வீடு என்னுடையது என்பதால் “எது நல்லா இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவார்கள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் கேட்பாள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை கேட்பார். இருவரும் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: காதல் கதை.

பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் பொருந்தாத புத்தகம் கைக்குப் போய்விட்டால், அதை எடுத்துப்போனவர் அப்புறம் மாதக்கணக்கில் அலமாரிப் பக்கமே வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். படிக்க ஆசைப்பட்டு வந்தவரை நாமே திருப்பி அனுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் நான் செய்த தவறுகளையும், மற்றவர்கள் செய்யக் கண்டவற்றையும் எழுதுகிறேன்.

கேட்காமலே பதில் சொல்வது

நமக்கு ஒரு நாவல் மிகவும் பிடித்துவிட்டால், யார் வந்து கேட்டாலும் அதன் பெயர்தான் வாயில் வரும். கேட்டவர் யார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நம் கையில் இருக்கும் புத்தகத்துக்கு ஆள் தேடுகிறோமே தவிர, எதிரில் நிற்கும் ஆளுக்குப் புத்தகம் தேடுவதில்லை.

“என்ன மாதிரிக் கதை பிடிக்கும்?” என்று கேட்டாலும் பெரிதாக எதுவும் தெரியவராது. “நல்ல கதையா இருக்கணும்” என்பார்கள். கடைசியாக எந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை, அதில் எது பிடித்திருந்தது என்று கேட்டுப்பாருங்கள். சியாட்டிலில் நூலகராக இருந்த நான்சி பேர்ல், ஒரு கதைக்குள் நுழைய வாசகருக்கு நான்கு வாசல்கள் உண்டு என்கிறார்: கதையோட்டம், பாத்திரங்கள், கதை நடக்கும் இடம், மொழி. எனக்கு இது நிறைய உதவியிருக்கிறது. ஒருவர் “அந்தக் காபித் தோட்டமும் மழையும் கண்ணுலயே நிக்குது” என்கிறார். அவர் இடத்தின் வழியாக நுழைபவர். அவருக்கு இன்னொரு காதல் கதையைவிட, ஊரும் வீடும் கண்முன் எழுந்து நிற்கும் கதைதான் பிடிக்கும், காதல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இன்னொருவர் “அவங்க ரெண்டு பேரும் சண்டை போடுற விதம் இருக்கே!” என்று சிரிப்பார். அவருக்குப் பேச்சு நன்றாக அமைந்த நாவலாக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எல்லாக் காதலும் ஒரே வகை என்று நினைப்பது

நான் அதிகம் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

காதல் இருக்கும் கதை வேறு, காதல் நாவல் என்று உலகம் பெயர் வைத்திருக்கும் வகை வேறு. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் அந்த வகைக்கு இரண்டு அடையாளங்கள் சொல்கிறது. காதல்தான் கதையின் நடுநாயகமாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இந்த வகையைத் தேடி வருபவர் இரண்டாவதை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறார். நடுவில் எத்தனை பிரிவு, எத்தனை கண்ணீர் வந்தாலும் கடைசியில் இருவரும் சேர்வார்கள் என்ற தைரியத்தில்தான் அவர் படிக்க உட்காருகிறார். நாள் முழுக்க அலுவலகத்திலும் அடுக்களையிலும் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு ஒரு மணி நேரம் படிப்பவருக்கு அந்தத் தைரியம் பெரிய விஷயம்.

ஒரே ஆசிரியர், ஒரே பல்லவர் காலம் என்றாலும் முடிவு வேறாக இருக்கலாம். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ விக்கிரமனையும் குந்தவியையும் சேர்த்துவைத்து முடிகிறது. அந்தக் குந்தவியின் தந்தை நரசிம்மவர்மனின் இளமைக்காலக் கதையான ‘சிவகாமியின் சபத’த்தில் சிவகாமியும் நரசிம்மனும் சேர்வதில்லை. இரண்டுமே எனக்கு உயிர். ஆனால் முதலாவதைப் படித்துவிட்டு “இதே மாதிரி இன்னொன்னு” என்று கேட்டு வந்த ஒரு தோழிக்கு, எதுவும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். முடித்துவிட்டு வந்தவர் முகம் வாடியிருந்தது. “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

முடிவைச் சொன்னால் சுவை போய்விடுமே என்று கேட்கலாம். எப்படி முடிகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வகையான முடிவு என்பதை மட்டும் சொன்னால் போதும். “இது மனசை அறுக்கும், ஆனா படிக்க வேண்டிய கதை” என்ற ஒரு வரியில் எந்த ரகசியமும் உடையாது. யார் இறக்கிறார்கள், கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, கல்யாண மண்டபத்தில் யார் வந்து நின்றார்கள் என்பதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு காப்பாற்றுங்கள்.

அட்டையைப் பார்த்து வயதை முடிவு செய்வது

தமிழில் ஒரு சங்கடம் உண்டு. சிறுவர் இதழ்களும் சிறார் கதைகளும் இருக்கின்றன, பெரியவர்களுக்கு நாவல்கள் குவிந்து கிடக்கின்றன. நடுவில் பதின்பருவத்துக்கென்றே எழுதப்பட்டவை மிகக் குறைவு. எங்கள் தலைமுறை ‘கோகுலம்’ படித்து முடித்த கையோடு அம்மாவின் தொடர்கதை பைண்டிங்குகளுக்குத் தாவியது. இன்றைய பிள்ளைகள் ஆங்கில ‘யங் அடல்ட்’ நாவல்களுக்குப் போகிறார்கள். ஏறத்தாழ 12 முதல் 18 வயது வரையிலானவர்களை மனதில் வைத்துப் பதிப்பிக்கப்படும் வகை அது.

ஆனால் கடையில் அதே வரிசையில், அதே மாதிரி வெளிர் நிறங்களில், கார்ட்டூன் படம் போட்ட அட்டையோடு பெரியவர்களுக்கான நாவல்களும் நிற்கின்றன. ஹன்னா கிரேஸ் எழுதிய ‘ஐஸ்பிரேக்கர்’ அப்படி ஒன்று. அட்டையில் பனிச்சறுக்கு ஜோடி, பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளின் கதை போலிருக்கும். உள்ளே இருப்பது கல்லூரிக் காதல், வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகளோடு. சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ 2015-இல் வந்தபோது இளையோர் நாவலாகத்தான் விற்கப்பட்டது. 2020-இல் புது அட்டை போட்டு அதைப் பெரியவர்கள் வரிசைக்கு மாற்றினார்கள். பதிப்பகமே இடம் மாற்றிய புத்தகத்தை நாம் அட்டையைப் பார்த்துப் பதினாலு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா?

கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ விஷயத்திலும் இதே குழப்பம். பூக்கள் போட்ட அட்டை, பூக்கடை வைக்கும் கதாநாயகி. “செம லவ் ஸ்டோரி” என்று கைமாறிக் கைமாறிப் போகிறது. அது கணவனிடம் அடிபடும் பெண்ணைப் பற்றிய நாவல். ஆசிரியர் தன் தாயின் வாழ்க்கையை மனதில் வைத்து எழுதியது. தெரிந்து படிப்பவருக்கு அது துணையாக இருக்கலாம். வீட்டில் அதே மாதிரிக் காட்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை தெரியாமல் படித்தால் என்ன ஆகும்?

இதையும் சொல்ல வேண்டும்: பயந்துபோய் எல்லாவற்றையும் மறைப்பதும் தவறுதான். பதினாறு வயதில் காதலைப் பற்றிப் படிக்க ஆசைப்படுவது இயல்பு. அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு நான் ஜென்னி ஹானின் ‘டு ஆல் தி பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’ கொடுத்தேன். அம்மா இல்லாத வீடு, மூன்று அக்கா தங்கைகள், அனுப்பாமல் பெட்டியில் வைத்திருந்த காதல் கடிதங்கள் எப்படியோ வெளியே போய்விடுகின்றன. காதலுக்கு இணையாக வீடும் அக்கா தங்கைப் பாசமும் கதையில் இருக்கின்றன. கொடுக்கும்போதே இது மூன்று பாகம் என்று சொல்லிவிட்டேன். தொடர் வரிசையில் நடுப்பாகத்தைக் கையில் கொடுத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

நேரம் பார்க்காமல் கொடுப்பது

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ஜான் கிரீனின் ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ கொடுத்தேன். புற்றுநோயோடு வாழும் இரண்டு பதின்பருவத்தினரின் காதல். நல்ல நாவல், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்போது அவளுடைய அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பத்து பக்கத்தில் மூடிவிட்டாள். யாரையும் குறை சொல்லவில்லை. நான்தான் இன்னும் அந்த நாளை நினைத்து வருந்துகிறேன். இப்போதெல்லாம் நோய், மரணம், வன்முறை, கருக்கலைவு இருக்கும் கதைகளை “இதுல இப்படி ஒரு விஷயம் வருது, இப்ப படிக்கலாமா?” என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

பழைய தமிழ்க் குடும்ப நாவல்களுக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். கதாநாயகன் கன்னத்தில் அறைவதும், கட்டாயத் தாலியும், பிறகு அவள் அவனையே நேசிப்பதும் பல கதைகளில் சாதாரணமாக வரும். இணையத்தில் தொடர் எழுதுபவர்கள் இதில் நம்மைவிட நேர்மையாக இருக்கிறார்கள். பிரதிலிபி போன்ற இடங்களில் படிப்பவர்களுக்குத் தெரியும்: ‘ஆன்டி ஹீரோ’, ‘கட்டாயக் கல்யாணம்’ என்று முதலிலேயே போட்டுவிடுவார்கள். பிடித்தவர் உள்ளே போவார், பிடிக்காதவர் ஒதுங்கிக்கொள்வார். நாமும் வாயால் அப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்.

ரசனையைக் குத்திக் காட்டுவது

“இதெல்லாம் ஒரு புத்தகமா? நல்ல இலக்கியம் படிங்க” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவர் கூசிப்போகிறார். சமையலறையில் பால் பொங்கும் நேரத்தில் ரமணிசந்திரன் படித்தே வாசிப்பைக் கைவிடாமல் காத்த பெண்கள் என் குடும்பத்திலேயே மூன்று பேர். அமெரிக்க நூலகத் துறையில் வாசகர் வழிகாட்டுதல் பற்றி எழுதிய பெட்டி ரோசன்பெர்க், உங்கள் வாசிப்பு ரசனைக்காக ஒருபோதும் மன்னிப்புக் கேட்காதீர்கள் என்று 1982-லேயே எழுதிவிட்டார். காதல் நாவலை ஏணியின் முதல் படியாக மட்டும் பார்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் வாழ்நாள் முழுக்க அதையே படித்து மகிழலாம். வேறு பக்கம் போகவும் ஆசை என்று அவரே சொன்னால் அப்போது சொல்லலாம்.

ஆண் பிள்ளைகள் காதல் கதை கேட்டால் சிரிப்பதும் இதே தவறுதான். ஒரு தடவை சிரித்தால் போதும், அந்தப் பையன் மறுபடி கேட்கவே மாட்டான்.

கொடுக்கும்போதும் கொடுத்த பிறகும்

பத்துப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். இரண்டு போதும். மூன்றாவது பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. முதல் தடவை ஆங்கில நாவல் படிக்கப் போகிறவருக்கு ஐந்நூறு பக்கத்தைக் கொடுக்காதீர்கள், தமிழிலும் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் ஒன்றாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

பரிந்துரையோடு சேர்த்து வாட்ஸ்அப்பில் திருட்டுப் பிடிஎஃப் அனுப்புவது இப்போது பழக்கமாகிவிட்டது. பிடித்த எழுத்தாளர் அடுத்த நாவல் எழுத வேண்டும் என்றுதானே ஆசைப்படுகிறோம்? அதற்கு அவருக்குக் காசு போக வேண்டும். இலவசமாகவே கொடுக்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் சட்டப்படியே கிடைக்கின்றன. மாவட்ட மைய நூலகமும் இருக்கிறது.

அப்புறம், கொடுத்த மறுநாளிலிருந்து “படிச்சாச்சா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்தவும் அனுமதி கொடுங்கள். இதற்கும் நான்சி பேர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: 50 பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் மூடிவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100-இலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொண்டு, மீதி எத்தனையோ அத்தனை பக்கம் படித்தால் போதும்.

ஆசிரியை அக்காவுக்கு வயது 62. போன மாதம் ஒரு புத்தகம் கொடுக்கும்போது “உங்களுக்கு 38 பக்கம் போதும்” என்றேன். இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். “இந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் அழறாம்மா. எனக்கு எதுத்துப் பேசுற பொண்ணு வேணும்” என்றார். ஆறு வருடத்தில் அவர் இவ்வளவு தெளிவாக எதையும் கேட்டதில்லை. உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, இருவரும் அலமாரிக்கு முன்னால் போய் நின்றோம்.