பால்யத்தின் வலியை மேடையேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவரே நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை மேடையில் இளம் வயதுத் துயரங்களைப் பேச முற்படுபவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆழமானது, சிரிப்பு எழும் இடத்திலேயே கதையை நிறுத்திவிடுவது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், ஸ்மித்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா கேட்ஸ்பி, 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘நானெட்’ நிகழ்ச்சியில் இதைத் தன் அனுபவத்தைக் கொண்டே காட்டுகிறார். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த அவரை ஆண் என்று எண்ணி, அந்தப் பெண்ணின் காதலன் அடிக்க வருகிறான். கேட்ஸ்பி பெண் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு விலகுகிறான். அரங்கம் சிரிக்கிறது. அவன் திரும்பி வந்து தன்னை அடித்ததையும், யாரும் தடுக்காததையும், தான் மருத்துவமனைக்கோ காவல் நிலையத்துக்கோ போகாததையும் அவர் சொல்வது நிகழ்ச்சியின் பிற்பகுதியில்தான்.

ஜோக்குக்குத் தொடக்கமும் நடுவும் போதும், கதைக்கு முடிவும் வேண்டும் என்பது அவருடைய வாதம். தன்பாலீர்ப்பைத் தாயிடம் சொன்ன நாளை அவர் நெடுங்காலம் ஜோக்காகச் சொல்லிவந்தார். திரும்பத் திரும்பச் சொன்னதில் அந்த அரைகுறை வடிவமே உண்மையான நினைவோடு கலந்துவிட்டது. தன் பிள்ளையின் இயல்புக்கு ஏற்ப வளர்க்காமல் போனோமே என்று அந்தத் தாய் பின்னாளில் வருந்தியதற்கு அந்த ஜோக்கில் இடமே இருக்கவில்லை. என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது. ஆகவே, பஞ்ச் வரிக்குப் பிறகு உண்மையில் என்ன நடந்தது என்பதை, மேடையில் சொல்லப்போவதில்லை என்றாலும், தனித்தாளில் முழுமையாக எழுதிவையுங்கள்.

தன்னைத் தானே மட்டம்தட்டிச் சிரிக்கவைப்பது அடுத்த தவறு. டாஸ்மேனியாவில் ஆண்களுக்கிடையிலான தன்பாலின உறவு 1997 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. அதை ஒட்டி எழுந்த வெறுப்புப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர், மேடையேறித் தன்னையே கேலி செய்யும்போது, ஊர் ஊட்டிய அவமானத்தைத் தன் வாயாலேயே மறுபடியும் சொல்கிறார். அதைத் தன்னடக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

அவசரமும் ஆகாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில், பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர், 1960களில் யாரையும் உறுத்தாத நகைச்சுவையையே செய்துவந்தார். தன் வாழ்வின் கரடுமுரடான பக்கங்களை அவர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சொல்லும்போதே குரல் உடைகிற நினைவை முதலில் நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்தாதீர்கள். உடன்பிறந்தவர்களின் வலியும் அதில் கலந்திருந்தால் அவர்களுடைய ஒப்புதல் வேண்டும்.

வலியான பகுதியைச் சொல்லி முடித்ததும் அரங்கில் விழும் அமைதியைக் கண்டு பதறி, உடனே ஒரு ஜோக்கை வீசிவிடுவதும் தவறு. பார்வையாளர்கள் ஆறுதலடைவார்கள், ஆனால் சொன்னது அங்கேயே கரைந்துபோகும். கேட்ஸ்பி அந்த இறுக்கத்தைத் தணிக்கவில்லை. இனி இது உங்களுடையது என்று பார்வையாளர்களிடமே விட்டுவிட்டார்.