எண்ணெய்க் கசிவு ஆய்வாளராக விரும்புவோர் பழக வேண்டியவை

கடலில் எண்ணெய் கொட்டிய முதல் நாளில் அறிவியலாளரிடம் கேட்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தாம்: எண்ணெய் எந்தக் கரையை எப்போது தொடும், அங்கே எதை முதலில் காக்க வேண்டும். சில மணி நேரத்தில் விடை சொல்ல வேண்டியிருப்பதால், வேதியியல், கடல் உயிரியல், கடல் இயற்பியல் ஆகியவற்றுள் ஒன்றை ஆழமாகப் படித்து, மற்ற இரண்டிலும் பிறர் தரும் தரவைப் புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் தேர்ச்சி பெறுங்கள்.

முதலில் கைக்கணக்கு வர வேண்டும். மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு நகர்வதோடு, காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டையும் எடுத்துக்கொள்ளும். மணிக்கு 20 கி.மீ. காற்றடித்தால், காற்றால் மட்டும் மணிக்கு 600 மீட்டர் நகரும். இதைக் காகிதத்தில் போட்டுப் பழகிய பிறகு, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) இலவசமாக வழங்கும், எண்ணெய் நகரும் பாதையைக் கணிக்கும் 'நோம்' (GNOME) மென்பொருளுக்குச் செல்லலாம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய் தெற்கே நகர்ந்து, எர்ணாவூர்க் கரையின் கற்களுக்கிடையே சிக்கியது. அதை வாளிகளால் அள்ள நேர்ந்தது ஏன் என்று யோசியுங்கள். கனமான எண்ணெய் நீரை உறிஞ்சிக் குழம்பாகும்போது அதன் கன அளவு மூன்று நான்கு மடங்காகப் பெருகும்; அந்தக் குழம்பைப் பம்புகள் எளிதில் இழுப்பதில்லை.

மாதிரி எடுப்பதில்தான் புதியவர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள். பிளாஸ்டிக் புட்டி வேண்டாம். அதிலிருந்து கரையும் பொருள்கள் பகுப்பாய்வைக் கெடுக்கும். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, டெஃப்லான் உள்மூடியிட்டு, இடம், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அங்கேயே எழுதி, உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். புட்டி கைமாறும்போதெல்லாம் கையொப்பம் வேண்டும். எந்தக் கப்பலின் எண்ணெய் என்பதை ஹோப்பேன் போன்ற வேதிச் சுவடுகளைக் கொண்டு நிறுவினாலும், இந்தப் பதிவு இல்லையெனில் நீதிமன்றத்தில் அதை நிலைநிறுத்துவது கடினம்.

சுத்தம் செய்வதே எப்போதும் நன்மை என்று நம்பிவிடாதீர்கள். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் விபத்துக்குப் பின் கரைப்பாறைகளை உயரழுத்த வெந்நீரால் கழுவியபோது, எண்ணெயிலிருந்து பிழைத்திருந்த உயிர்களும் மடிந்தன. நோவாவின் உயிரியலாளர் ஆலன் மெர்ன்ஸ் அங்கே கழுவப்படாத ஒரு பாறையை 1990 முதல் ஆண்டுதோறும் படமெடுத்தார். சில ஆண்டுகளில் கடற்பாசி அடர்ந்தும், சில ஆண்டுகளில் ஏறக்குறைய வெறுமையாகவும் இருந்த அந்தப் பாறை, இயற்கையான ஏற்ற இறக்கமே எவ்வளவு பெரிது என்பதைக் காட்டியது. கசிவு நேரும் முன்பே உங்கள் ஊர்க் கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில், நீர் வற்றும் வேளையில், அதே கோணத்தில் படமெடுக்கத் தொடங்குங்கள்.