டாம்பா விரிகுடாவில் மீன் பிடிக்கப் படகு பதிவு செய்வது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

ஃப்ளோரிடாவுக்கு வரும் விருந்தாளிகளில் ஒருவராவது "படகு எடுத்து மீன் பிடிக்கப் போகலாமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. கூகுளில் தேடினால் டாம்பா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் மட்டும் வாடகைப் படகு ஓட்டி மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் கேப்டன்கள் வரிசை கட்டி நிற்பார்கள். எல்லார் படத்திலும் ஆள் உயர மீன், எல்லார் பக்கத்திலும் ஐந்து நட்சத்திரம். இதில் யாரைத் தேர்ந்தெடுப்பது?

படகையும் படத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. முன்பணம் கட்டுவதற்கு முன் கேப்டனோடு நடக்கும் பத்து நிமிடப் பேச்சிலேயே அந்த நாள் எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். அதனால் அந்தப் பேச்சைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்த மாதிரிப் பயணம் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டு ஐம்பது பேரை ஏற்றிப்போகும் பெரிய படகு ஒன்று. மெக்சிகோ வளைகுடாவில் வெகுதூரம் போய் ஆழத்தில் பிடிக்கும் பயணம் இன்னொன்று. அதில் அலை அதிகம், பழக்கம் இல்லாதவர்களுக்கு வாந்தி நிச்சயம். மூன்றாவது, நாம் பேசப்போகும் கரையோரப் பயணம். கேப்டன், ஒரு சிறிய படகு, உங்கள் குடும்பம் மட்டும்.

டாம்பா விரிகுடா பரப்பில்தான் பெரியது. சராசரி ஆழம் சுமார் 12 அடிதான். கரையோரம் முழங்கால் ஆழத்தில் கடற்புல் மேடை, சிப்பித் திட்டுகள், சுரபுன்னை வேர்கள். பிச்சாவரம் போனவர்களுக்குக் காட்சி பழகியதாகவே இருக்கும். கரை எப்போதும் கண்ணுக்குத் தெரியும், படகும் அதிகம் ஆடாது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போவதானால் இதுவே சரி.

இங்கே கிடைக்கும் முக்கியமான மீன்கள் மூன்று. ஸ்நூக், பார்க்க நம் கொடுவாயைப் போலவே இருக்கும், வேரடியில் ஒளிந்து நின்று பாயும் குணமும் அதே. ரெட்ஃபிஷ், ஸ்பெக்கிள்டு ட்ரௌட் இரண்டும் கத்தாழைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் பாலத் தூண்களை ஒட்டி ஷீப்ஸ்ஹெட் கிடைக்கும். உடம்பில் கறுப்புப் பட்டைகள், வாய்க்குள் மனிதப் பல்வரிசை மாதிரியே பற்கள். குழந்தைகள் விட மாட்டார்கள், திரும்பத் திரும்ப வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

படி 2: மாதம்

புதியவர்களுக்கு மார்ச் முதல் மே வரை நல்லது, அடுத்தபடியாக அக்டோபர், நவம்பர். வசந்தத்தில் தண்ணீர் சூடாகத் தொடங்கியதும் மத்தி மாதிரியான சிறு மீன் கூட்டங்கள் மேடைகளுக்கு வரும். குளிருக்கு ஆறுகளுக்குள் ஒதுங்கியிருந்த ஸ்நூக் அவற்றைத் தேடி வெளியே வரும்.

கோடையில் போவதானால் விடியற்காலைப் பயணம் மட்டும். பிற்பகலில் இடிமழை கிட்டத்தட்ட தினசரி வழக்கம், திறந்த படகில் கையில் நீண்ட தூண்டிற்கம்போடு மின்னலுக்கு அடியில் இருக்க யாரும் விரும்ப மாட்டார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம், அதையும் கணக்கில் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று அலை ஒன்று கடந்து போனதும் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று விரிகுடாத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். முந்தின வாரம் படகு ஓடிய இடம் சேறாகக் கிடக்கும். அந்த நாட்களில் கேப்டன் ஆழமான பக்கம் கூட்டிப்போவார், அங்கே மீன் கிடைக்க வாய்ப்பு உண்டு.

மே, ஜூனில் டார்பன் பருவம். நூறு பவுண்டுக்கு மேல் எடை, வானத்தில் எகிறிக் குதிக்கும் மீன். படங்களைப் பார்த்து மயங்கி முதல் பயணத்தையே டார்பனுக்குப் பதிவு செய்கிறவர்கள் உண்டு. வேண்டாம். மணிக்கணக்கில் காத்திருந்து ஒன்றிரண்டு கடி கிடைக்கும், கிடைத்தாலும் அரை மணி, ஒரு மணி நேரப் போராட்டம். வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனைப் புகைப்படத்துக்காகக்கூடத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது என்பது சட்டம்.

படி 3: சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

சமைக்க மீன் வேண்டும் என்பவர்கள் இதைத் தவறாமல் படியுங்கள். டாம்பா பக்கம் ஸ்நூக் 28 முதல் 33 அங்குலத்துக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் ஆளுக்கு ஒன்று. டிசம்பர் முதல் பிப்ரவரி முடியவும், மே முதல் ஆகஸ்ட் முடியவும் அதற்குத் தடைக்காலம், பிடித்தால் விட்டுவிட வேண்டும். ரெட்ஃபிஷ் 18 முதல் 27 அங்குலம், ஆளுக்கு ஒன்று. ட்ரௌட் 15 முதல் 19. சிறியதையும் விட வேண்டும், பெரியதையும் விட வேண்டும்; ட்ரௌட்டில் மட்டும் 19 அங்குலத்துக்கு மேற்பட்டதை மொத்தப் படகுக்கும் சேர்த்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். பெரியவைதான் நிறைய முட்டையிடுபவை.

இந்த விதிகள் அவ்வப்போது மாறும். 2018-இல் கடலில் நச்சுப் பாசி பெருகியதால் வந்த செந்நீர் நஞ்சால் மேற்குக் கரையில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்த பிறகு இந்த மூன்று மீனையும் பிடித்து விட மட்டுமே சில வருடம் அனுமதித்தார்கள். அதனால் போகிற வாரம் மாநில வனவிலங்கு ஆணையத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உரிமத்துக்கு நீங்கள் தனியாக அலைய வேண்டாம். கேப்டனின் வாடகைப் படகு உரிமமே பயணிகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ருசி கண்டு மறுநாள் கரையில் நின்று நீங்களாகத் தூண்டில் போடுவதானால் அது செல்லாது. வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் மூன்று நாள் உரிமம் 17 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம்.

படி 4: கேப்டனிடம் பேசுவது

ஃபிஷிங்புக்கர் போன்ற தளங்களில் தேடி, மூன்று நான்கு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்புரைகளில் புகழ்ச்சியைத் தள்ளிவிட்டு, மீன் சரியாகக் கிடைக்காத நாளைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். அன்றைக்கு அவர் என்ன செய்தார்? இடம் மாற்றி மாற்றி முயன்றாரா, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாரா? குழந்தைகளோடு போனவர்கள் எழுதியதையும் பாருங்கள். ஐந்து நட்சத்திரத்தை விட இவை எவ்வளவோ உதவும்.

பிறகு ஒரு செய்தி அனுப்புங்கள். உள்ளது உள்ளபடி, சுருக்கமாக. இந்த மாதிரி:

"நாங்கள் மூன்று பேர், ஒருவன் பத்து வயதுப் பையன். யாருக்கும் ரீல் சுற்றத் தெரியாது. ஏப்ரல் இரண்டாம் வாரம் இங்கே இருப்போம், செவ்வாயிலிருந்து வெள்ளி வரை எந்த நாளும் சரி. பெரிய மீன் வேண்டும் என்று இல்லை, பையனுக்கு அடிக்கடி ஏதாவது கடித்தால் போதும். சமைக்க ஒன்றிரண்டு மீன் கிடைத்தால் சந்தோஷம். ஏற்ற வற்றம் பார்த்து எந்த நாள், எத்தனை மணி என்று நீங்களே சொல்லுங்கள்."

இதில் கடைசி வரிதான் முக்கியம். கரையோர மீன்பிடிப்பில் தண்ணீர் ஓட வேண்டும். ஏற்றமோ வற்றமோ, ஓட்டம் இருந்தால் சிறு மீன்களும் இறாலும் அடித்து வரப்படும், பெரிய மீன் காத்திருந்து தின்னும். ஓட்டம் நின்றால் கடியும் நின்றுவிடும். "சனிக்கிழமை காலை எட்டு மணி" என்று நீங்கள் பிடிவாதமாக நிற்பதும், "வியாழன் விடியலில் நல்ல ஓட்டம், அன்றைக்கு வாருங்கள்" என்று அவர் சொல்ல இடம் கொடுப்பதும் ஒன்றல்ல.

நல்ல கேப்டன் பதிலுக்குக் கேள்வி கேட்பார். பையன் எவ்வளவு நேரம் தாங்குவான்? யாருக்காவது முட்டிவலி உண்டா? ஏப்ரலில் ஸ்நூக் வைத்துக்கொள்ளலாம், மே பிறந்தால் முடியாது என்று தானாகவே சொல்வார். "மீன் நிச்சயம், நூற்றுக்கு நூறு" என்கிறவரை விட்டு விலகுங்கள். அவர் கையில் இருப்பது படகுதான், கடல் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியவையும் சில உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படை வழங்கும் கேப்டன் உரிமமும் காப்பீடும் இருக்கிறதா? இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த வகைப் படகுகளில் சட்டப்படி ஆறு பயணிகள் வரை ஏற்றலாம், ஆனால் வசதியாக நின்று வீச நான்கு பேருக்குத்தான் இடம் இருக்கும். சொன்ன விலை எத்தனை பேருக்கு? உயிர் இரையா, செயற்கை இரையா? புதியவர்களுக்கு உயிர் இரைதான். தூண்டில், இரை, ஐஸ், மீன் சுத்தம் செய்வது எல்லாம் விலையில் சேர்த்தியா? எங்கே ஏற வேண்டும்? பெரும்பாலும் அலுவலகம் எதுவும் இருக்காது, பூங்காவில் உள்ள படகுத் துறையாகத்தான் இருக்கும். இருட்டில் தேடி அலையாமல் இருக்க வரைபடச் சுட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்: படகில் கழிப்பறை இருக்கிறதா? இந்தச் சிறு படகுகள் பலவற்றில் இருக்காது. பெண்களும் வயதானவர்களும் வருவதானால் கழிப்பறை உள்ள படகைப் பாருங்கள், அல்லது நடுவில் கரை ஒதுங்க முடியுமா என்று கேட்டு வையுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். படகு ஓடும்போது அந்த வயதுக் குழந்தைகள் உயிர்காப்புச் சட்டை போட்டிருப்பது கட்டாயம், அளவாக ஒன்றை எடுத்து வைப்பார்.

படி 5: நேரமும் பணமும்

நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று இருக்கும். குழந்தைகளோடு என்றால் நான்கு போதும். பெரியவர்கள் மட்டும் என்றால் ஆறு எடுங்கள், ஏனென்றால் இரை பிடிக்கவே முதலில் முக்கால் மணி போய்விடலாம். நான் பார்த்த வரை இங்கே நான்கு மணி நேரத்துக்கு 450 முதல் 650 டாலர் கேட்கிறார்கள். இது படகுக்கு மொத்தமாக, ஆளுக்கு அல்ல. பயணம் முடிந்ததும் 15 முதல் 20 சதவீதம் கையில் டிப்ஸ் கொடுப்பது வழக்கம், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டுமுன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். வானிலை சரியில்லை என்று அவர் ரத்து செய்தால் பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா? நீங்கள் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? சாதாரண மழைக்காக ரத்து செய்ய மாட்டார்கள். காற்றும் மின்னலும்தான் கணக்கு. முந்தின நாள் மாலை அவர் "காற்று அதிகம், வேண்டாம்" என்றால் வாதாடாதீர்கள்.

படி 6: என்ன எடுத்துப்போவது

முழுக்கைச் சட்டை, தொப்பி, போலரைஸ்டு கண்ணாடி. அந்தக் கண்ணாடி தண்ணீரின் பளபளப்பை வெட்டிவிடும், அடியில் நிற்கும் மீனே தெரியும். சன்ஸ்கிரீனை வீட்டிலேயே பூசிக்கொண்டு போங்கள், படகில் ஸ்பிரே அடித்தால் தரை வழுக்கும். கறுப்பு அடிப்பாகம் உள்ள செருப்பு தரையில் கோடு போடும், வேண்டாம்.

புளியோதரை கட்டிப்போகிறவர்கள் ஸ்பூனும் எடுத்துப்போங்கள். இரை மீனின் செதிலும் வழுவழுப்பும் கையில் ஒட்டியிருக்கும், லேசில் போகாது. வாழைப்பழம் மட்டும் கூடாது. படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் கிடைக்காது என்பது இவர்களுடைய நம்பிக்கை, சிலர் நிஜமாகவே முகம் சுளிப்பார்கள். நேந்திரங்காய் சிப்ஸும் கணக்கில் வருமா என்று கேட்டால் சிரிப்பார்கள். எதற்கு வம்பு, உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: தண்ணீரில்

முதல் காட்சியே நன்றாக இருக்கும். இரை மீன் பிடிக்கக் கேப்டன் ஆழமில்லாத புல்மேடையில் நங்கூரம் போட்டு, நாற்றமடிக்கும் தீவனத்தைப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார். சில நிமிடத்தில் தண்ணீருக்கடியில் வெள்ளி மினுமினுப்பு தெரியும். வீச்சு வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி ஒரே வீச்சு. வலை வட்டமாக விரிந்து விழும். இழுத்ததும் விரல் நீளச் சிறு மீன்கள் படபடவென்று படகின் தொட்டிக்குள் கொட்டும். அப்போது பையனைக் கிட்டே நிற்க விடுங்கள்.

அடுத்து ரீல். கம்பியைப் போன்ற வளையத்தைத் திறக்குமுன் நூலை ஆள்காட்டி விரலில் மடித்துப் பிடிக்க வேண்டும். தூண்டிலை முன்னே வீசி, முனை நீங்கள் குறிவைத்த திசையைக் காட்டும்போது விரலை விடுங்கள். சீக்கிரம் விட்டால் இரை மேலே போகும், தாமதித்தால் காலடியில் விழும். பத்து வீச்சில் கை பழகிவிடும்.

மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். பெரும்பாலும் வட்டமாக உள்பக்கம் வளைந்த தூண்டில் முள் போட்டிருப்பார்கள், நூல் விறைத்ததும் நிதானமாகச் சுற்றினாலே அது வாயோரத்தில் தானாக மாட்டிக்கொள்ளும். மீன் ஓடும்போது ரீல் கிர்ரென்று கத்தும், அந்த நேரம் சுற்றக் கூடாது. அது ஓடி முடியட்டும், நின்றதும் சுற்றுங்கள்.

மீனை முள்ளிலிருந்து எடுப்பதைக் கேப்டனிடம் விடுங்கள், முக்கியமாகக் கெளுத்தியையும் திருக்கையையும். கெளுத்தியின் முள் குத்தினால் நம்மூரில் கடுப்பது போலவே இங்கேயும் கடுக்கும். விடப்போகும் மீனோடு படம் எடுப்பதானால் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றின் அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள். கேமரா தயாரான பிறகுதான் மீன் தண்ணீரை விட்டு மேலே வர வேண்டும்.

படி 8: மீனை வெட்டும்போது

கரை சேரும் வரை மீனை முழுசாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். துறைக்கு வந்ததும் கேப்டன் அங்குள்ள மேசையில் வெட்டிக் கொடுப்பார். அவர் பாட்டுக்கு விட்டால் இரண்டு பக்கச் சதையை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, தலையையும் நடுமுள்ளையும் தூக்கிப் போட்டுவிடுவார். குழம்புக்கு வேண்டும் என்றால் கத்தி எடுக்கும் முன்பே சொல்லுங்கள்: செதிலும் குடலும் மட்டும் எடுத்தால் போதும், முழு மீனாக வேண்டும் என்று. ஸ்நூக் மட்டும் விதிவிலக்கு. அதன் தோலோடு சமைத்தால் சோப்பு வாடை வரும் என்று இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள், அதைத் தோல் உரித்தே வாங்கிக்கொள்ளுங்கள்.