திசு ஸ்லைடு படத் தொகுப்பு: கேமராவுக்கு முன்பே நடக்கும் தவறுகள்

சென்னையில் நோய்த்திசுப் படங்களைச் சேர்க்கத் தொடங்கும் மாணவர்களும் சிறிய லேப்களும் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்பதுதான். ஆனால் பல படங்கள், வெட்டியெடுத்த திசு கெடாமல் போட்டுவைக்கும் ஃபார்மலின் திரவத்தின் டப்பாவிலேயே கெட்டுப்போகின்றன.

திசுவின் அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும். பெரிய கட்டியைக் கீறிவிடாமல் அப்படியே போட்டு மூடினால், மருந்து உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி தானாகச் சிதையத் தொடங்கிவிடும். மே மாத வெக்கையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஸ்லைடில் அந்த இடத்தில் உட்கரு வெளிறி, செல்லின் ஓரம் குழைந்து தெரியும். இதை 'திசு நசிவு' என்று குறித்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. உடலுக்குள்ளேயே செத்த திசுவைச் சுற்றிப் பெரும்பாலும் அழற்சி செல்கள் கூடியிருக்கும். வெட்டியெடுத்த பின் கெட்டதில் அந்த எதிர்வினை இருக்காது. சந்தேகம் தீராத ஸ்லைடைத் தொகுப்பில் சேர்க்கவே வேண்டாம்.

ஸ்லைடில் வைக்கும் திசு வெட்டின் தடிமன் 3 முதல் 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) போதும். தடித்துவிட்டால் உட்கருக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கருத்துத் தெரியும்; சாதாரண செல்லும் புற்றுநோய்ச் செல்போலத் தோன்றும். திசுவின் மேல் கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியை ஒட்டும் டிபிஎக்ஸ் பசையையும் தாராளமாக ஊற்றாதீர்கள். 40 எக்ஸ் லென்ஸில் 0.17 என்று பொறித்திருப்பது கவர்ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். பசை தடித்தால் அந்தக் கணக்கு தப்பி, எவ்வளவு திருகினாலும் படம் புகைமூட்டமாகவே இருக்கும்.

படத்தின் கீழே '40 எக்ஸ்' என்று மட்டும் எழுதினால் அளவு விளங்காது. 1 மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்த அளவு ஸ்லைடை ஒவ்வொரு லென்ஸிலும் படமெடுத்து, ஒரு பிக்சலுக்கு எத்தனை மைக்ரான் என்று குறித்துவையுங்கள். அளவுக்கோட்டை நகலில் மட்டும் போடுங்கள். மூலப்படம், விவரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகவே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொகுப்பில் வைக்காதீர்கள், நுண்விவரம் போயிருக்கும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல் படத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரை மாற்றினால் நோயாளியின் அடையாளம் மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல ஸ்கேனர்கள் ஸ்லைடின் லேபிளையும் தனிப்படமாக அதே கோப்புக்குள் வைக்கும். பயாப்ஸி எண், சமயத்தில் நோயாளியின் பெயர்கூட அதில் தெளிவாக வாசிக்கக் கிடைக்கும். லேபிள் படத்தையும் முழு ஸ்லைடின் சிறுபடத்தையும் திறந்து பார்த்து நீக்குங்கள்.

கணினிக்குப் பயிற்சி தரும் தொகுப்பென்றால், படம்படமாகப் பிரிக்காமல் நோயாளிவாரியாகப் பிரியுங்கள். ஒருவருடைய கட்டியிலிருந்து எடுத்த துண்டுப்படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால், கணினி அந்த ஸ்லைடின் சாயத்தை அடையாளம் கண்டே மதிப்பெண் வாங்கிவிடும்.