கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாகத் தோட்டா நிரப்பப் பழகுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், பழைய ஆட்கள் நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் திரும்பி வருவது தெரிகிறது. புகைபிடிக்காதே, கண்ணாடி போடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போதே நடந்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சிக்கனத்துக்காக வேக மருந்து வாங்குவது

இது எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுகிறது. கணக்கு இப்படிப் போகும்: ஒரு பவுண்டில் 7000 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அளவு). தோட்டாவுக்கு 5 கிரெயின் பிடித்தால் 1400 தோட்டா வரும், 3.5 போதுமென்றால் 2000 வரும். உடனே, குறைந்த அளவே போதும் என்கிற, வேகமாக எரியும் மருந்துக்குக் கை போய்விடுகிறது.

.38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் கேஸ் (மருந்து நிரப்பும் வெற்றுக்கூடு) ஒன்றை எடுத்து உள்ளே பாருங்கள். கருமருந்தை, அதாவது இடம் அதிகம் பிடிக்கும் பழைய மருந்தை, மனத்தில் வைத்து வடிவமைத்தது, நீளம் 29 மி.மீ. புல்ஸ்ஐ, டைட்குரூப் மாதிரி வேக மருந்துகள் அதன் அடியில் ஒரு சிட்டிகை போலக் கிடக்கும். தவறி இருமுறை விழுந்தாலும் வழியாது. மேலே குண்டு தாராளமாக உட்காரும், கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

எனக்குப் பழக்கமான ஒருவருக்கு அதுதான் நடந்தது. பிரைமர் (கேஸின் அடியில் பொருத்தும் பற்றவைப்பான்) சிக்கியதால், தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் கைப்பிடியைப் பாதியில் நிறுத்தினார், சரிசெய்தார், மறுபடி இறக்கினார். அந்த ஒரு கேஸில் இரண்டு அளவு மருந்து. சுட்டபோது வந்த சத்தமே வேறு. ரிவால்வர் உருளையின் மேல்பாதியைக் காணோம், அதற்கு மேலிருந்த பட்டை வில்லாக வளைந்து நின்றது. விரல்கள் தப்பின, பக்கத்தில் நின்றவர்களும் தப்பினார்கள். மருந்தில் அவர் மிச்சம் பிடித்தது ஒரு புது ரிவால்வரின் விலையில் எந்த மூலைக்கு?

வேக மருந்து கெட்டது என்று சொல்ல வரவில்லை. குறி பார்த்துச் சுடுகிறவர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்துவதுதான். ஆனால் பெரிய கேஸும் பழகாத கையும் சேரும் இடத்தில், யூனிக் போல இடத்தை அடைக்கும் மருந்தே நல்லது. இருமுறை விழுந்தால் கேஸின் பாதிக்கு மேல் ஏறி நிற்கும், பார்த்தவுடன் கண்ணில் படும். வேக மருந்துதான் கையில் இருக்கிறது என்றால், கேஸ்களைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே குண்டை அமர்த்துங்கள்.

எரிவேகப் பட்டியலைப் பார்த்து மாற்றிப் போடுவது

மருந்துகளை வேகமானதிலிருந்து மெதுவானது வரை அடுக்கும் அந்தப் பட்டியல் காட்டுவது வரிசையை மட்டும்தான். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மருந்துக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று அது சொல்லாது. எச்பி-38, வின்செஸ்டர் 231 இரண்டும் ஒரே மருந்து என்பது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு மற்றவற்றையும் அப்படி நினைக்கக் கூடாது. அளவு தோட்டா நிரப்பும் கையேட்டிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் உங்கள் குண்டின் எடைக்கும் வகைக்கும் போட்டிருக்கும் அளவு.

பெயரில் ஏமாறுவது

ரெட் டாட், கிரீன் டாட், ப்ளூ டாட். முதலாவது வேகமானது, கடைசியானது நன்றாக மெதுவானது. லேபிளை முழுக்கப் படியுங்கள்.

மெதுவான மருந்தைக் குறைத்துப் போடுவது

புதியவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்வது இது. "பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு" என்ற பொது விதி எச்110 என்ற மெதுவான மருந்துக்குப் பொருந்தாது. 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதீர்கள் என்று அதற்குத் தனி எச்சரிக்கையே உண்டு. வின்செஸ்டர் 296-உம் அதே மருந்துதான். அளவு குறைந்தால் சரியாகப் பற்றாது, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு. கையேட்டில் போட்டிருக்கும் தொடக்க அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

மேஜையில் இரண்டு டப்பா

கூடாது. ஒன்றுதான்.

மருந்தை ஹாப்பரில் விட்டுவிட்டுப் போவது

நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து ஹாப்பரின் (அளவுக் கருவியில் மருந்து கொட்டி வைக்கும் குப்பி) பிளாஸ்டிக்கை அரிக்கும். அப்புறம், மறுநாள் வந்து அது எந்த மருந்து என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வேலை முடிந்ததும் அதன் சொந்த டப்பாவிலேயே திரும்பக் கொட்டுங்கள்.